கடைசி வீட்டுக்காரனும் தங்கூசி வலையும்

முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதிச் சோறு தின்னும் சக பாவிகளே, உங்களைத் திட்டுகிறவருக்குக் கொடுக்க உங்களிடம் ஒரு பதிலாவது இருக்கும், என் தொழிலில் எல்லாரும் கேட்பது "ஆர் அது?", நான் சொல்வது "தெரியாது."

இணையத்தில் முகம் காட்டாமல் உலாவ விரும்புகிறவர்களுக்காக வெளிநாட்டுச் சங்கம் ஒன்று நடத்தும் வலைப்பின்னலில் எனக்கு வேலை. ஒருவர் அனுப்புவது மூன்று கணினி கைமாறிப் போகும், அவற்றை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்கு அனுப்பியவரைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசி வீட்டுக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. வெளியே தெரிவது கடைசி வீட்டு முகவரி மட்டும்தான். ஆகவே ஏச்சு முழுக்க அங்கேதான் வரும். பல வருடம் வெளியே இருந்துவிட்டு வந்து, மனைவியின் ஊரான பெரியகல்லாற்றில் வாவியைப் பார்த்த அறையொன்றில் உட்கார்ந்து அந்த ஏச்சை வாங்குகிறவன் நான்.

செருப்புக் கடை

தூர தேசத்துச் செருப்புக் கடைக்காரர் ஒருவர் எழுதினார். அவருடைய கடைப் பக்கத்தில் யாரோ தினமும் வசை எழுதுகிறார், வரும் முகவரி எங்களுடையது. எழுதியது நாங்களல்ல, எங்கள் வழியாகப் போனது மட்டுமே, யாரென்று நாங்கள் குறித்து வைப்பதுமில்லை என்று பொறுமையாக விளக்கினேன். உடனே பதில் வந்தது: "எல்லாம் விளங்குகிறது ஐயா. ஆனால் என் செருப்புகள் உங்களுக்கு என்ன செய்தன?"

எந்தக் குடி

எங்கள் பக்கத்தில் ஒருவரின் பெயரைக் கேட்பது பிறகுதான். முதலில் தாய்வழிக் குடி எது என்று கேட்பார்கள். கோயிலில் யார் முன்னுக்கு நிற்பது, யார் யாரைக் கட்டலாம் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். இப்படிப்பட்ட ஊரில், மீனவர் சங்கக் கட்டடத்தில், முகம் காட்டாமல் எழுதுவது எப்படி என்று விளக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். விளக்கினேன். வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். மனைவியின் தமையன் மட்டும் கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு எழும்பினார். "பேர் தெரியாட்டிப் பறவாயில்ல மச்சான். எந்தக் குடியெண்டாவது பிடிக்கேலாதா?"

இறால்

கொட்டாவி விட்டவர்களில் யாரோ ஒருவர் விழித்துத்தான் இருந்திருக்கிறார். ஊர்ச் செய்தித் தளமொன்றில் படங்கள் வந்தன: வாவியில், குஞ்சு மீனையும் விடாமல் வாருவதால் தடைசெய்யப்பட்ட தங்கூசி நைலோன் வலைகள், பக்கத்தில் மீனவர் சங்கத் தலைவர் யோகராசாவின் தம்பியுடைய தோணி. அனுப்பியவர் பெயரில்லை. தளத்தை நடத்துவது தலைவரின் மருமகன். தோணி யாருடையதென்று கவனியாமலே போட்டுவிட்டு, பிறகு படம் வந்த வழியைத் தோண்டியிருக்கிறார். தடம் எங்கள் கடைசி வீட்டு வாசலில் வந்து முட்டியது.

மனைவி வழியில் எங்களுக்குச் சொந்தமான தலைவர் ஒரு பை இறாலோடு வந்தார். "பேர மட்டும் சொல்லுங்க தம்பி. மிச்சத்த நாங்க பாத்துக்குவம்." அந்த 'மிச்சம்' என்னவென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். போன வருடம் ஒருவரின் தோணி கரையிலேயே எரிந்து கிடந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பையைத் திருப்பி நீட்டினேன். அவர் என் தயக்கத்தை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். "பயப்புடாமச் சாப்பிடுங்க தம்பி. இது தங்கூசியில பிடிச்சதில்ல."

ஆசிரியை

எல்லாமே சிரிப்பல்ல. எங்கோ ஒரு நாட்டு ஆசிரியை எழுதினார்: எங்கள் முகவரியிலிருந்து அவருக்கு மிரட்டல் வருகிறது. எங்கள் வீடுகளிலிருந்து வருவது எதையும் உள்ளே விடாமல் தடுக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தேன். வாவிப் படத்தை வெளியே கொண்டுபோன கதவுதான் இந்த மிரட்டல்காரனையும் வெளியே விட்டது. ஆசிரியை நன்றி சொல்லி எழுதினார்: "மிரட்டல் நின்றுவிட்டது. கடைத்தெருவில் எல்லா முகத்தையும் இன்னும் உற்றுப் பார்க்கிறேன்."

புதுப் போன்

தலைவர் திரும்பி வந்தார், இம்முறை இறால் இல்லாமல். சிவம் என்றொரு மீனவர் புதுப் போன் வாங்கியிருந்தார். அது போதுமாம். "நீங்க சொல்லாட்டிச் சிவம்தான். பொடியன்மார் கொதிச்சுப் போய் நிக்கிறானுகள்." சிவத்திடம் இருப்பது ஒரே ஒரு தோணி.

"அண்ணன், வாவியப் பாத்த யன்னல் ஆருக்கு இரிக்கி? இந்த வேல தெரிஞ்சவன் ஆர்? நான் எண்டு ஏன் நினைக்கல்ல?" என்று கேட்டேன். தலைவர் யன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் தொங்கிப்போனது. "சொந்தத்துக்குள்ள இப்பிடிச் செஞ்சா, நாங்க ஆர அடிக்கிற தம்பி?"

பெட்டிசம்

கொஞ்ச நாள் கழித்துத் தலைவர் தனியே வந்தார். நெளிந்தார். "உங்களுக்கு எதிரா உங்கட கந்தோருக்கு ஒரு பெட்டிசம் போடோணும் தம்பி. ஆனா நான் போட்டதெண்டு தெரியப்படா. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு உங்கட முகத்தில முழிக்கோணுமே. முகம் காட்டாம அனுப்புற அந்தச் சாமான இந்தப் போனில போட்டுத் தாங்க." போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணியும் கொடுத்தேன்.

பெட்டிசம், அதாவது முறைப்பாட்டு மனு, அலுவலகத்துக்குத் தமிழில் வந்ததால் மொழிபெயர்க்கச் சொல்லி மேலாளர் அதை எனக்கே அனுப்பினார். இந்த ஆள் ஊரைக் கெடுக்கிறார், வேலையிலிருந்து நிறுத்துங்கள் என்றிருந்தது. ஒரு வசவையும் குறைக்காமல் பெயர்த்துக் கொடுத்தேன். அனுப்பியது யாரென்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். "நல்லது, நமக்குத் தெரியக் கூடாதுதான்" என்று எழுதிக் கோப்பை மூடினார்.

சிவத்தின் தோணி இன்னும் தண்ணீரில்தான் நிற்கிறது, என் வேலையும் அப்படித்தான். ஆனால் இத்தனை காலம் மெய்யாகச் சொன்ன 'தெரியாது' ஒன்றையும் ஒருவரும் நம்பாமல், பொய்யாகச் சொன்ன அந்த ஒன்றை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்களே, அதற்கு யாரிடம் முறையிடுவது?