பஞ்சர் ஆன இடத்தில் பூநாரைகள்

பெரும்பாக்கம் ஏரியோரம் தாம்பரம் பேருந்துக்காக நிற்கிறேன். பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு பெண் பைனாகுலரில் ஏரியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வங்கி ஊழியராம்.

"எப்படி மேடம் இதுல ஆர்வம் வந்துச்சு?"

"ஒருநாள் இங்கதான் டயர் பஞ்சர் ஆச்சு சார். மெக்கானிக் வர்ற வரைக்கும் சும்மா நின்னேன். பூநாரைங்க கூட்டமா வந்து இறங்குச்சு. அதோட சரி, மாட்டிக்கிட்டேன். போன வருஷம் பிரமோஷன் குடுத்து மதுரைக்குப் போகச் சொன்னாங்க. வேணாம்னுட்டேன்."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

"வீட்டுக்காரருக்குச் செம கோபம். பேசவே இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை இங்க இழுத்துட்டு வந்து காட்டினேன்." சிரிக்கிறார். "இந்த பைனாகுலர் அவர் வாங்கிக் குடுத்ததுதான்."

என்னிடம் நீட்டுகிறார். பூநாரைகள் ஒருசேரச் சிறகு விரிக்கின்றன. கறுப்பு விளிம்புக்குள் அப்படியொரு இளஞ்சிவப்பு. பேருந்து வந்து, நின்று, போகிறது. பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை.