பசைமாவு டப்பா

டப்பாப் பால் குடுத்தா பெத்தவ நிம்மதியாத் தூங்கலாம்னு எந்த மவராசன் கிளப்பிவிட்டானோ, பொன்மணி வீட்டுல அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாக. அவளுக்குப் பட்டாசு கம்பெனியில சீசன் வேலை. காலையில வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போனா, இருட்டுற நேரத்துலதான் கொண்டாந்து இறக்கும். கைப்பிள்ளை பிரீத்திகா வீட்டுல. "தாய்ப்பாலை நிறுத்திரு புள்ள. புட்டிப்பால்னா யாரும் குடுக்கலாம்ல? ராத்திரி நாங்க மாத்தி மாத்திப் பாத்துக்கிடுதோம்"னு சொன்னான் புருசன் காளீஸ்வரன். மாமியார் அய்யம்மாளும் ஆமா போட்டா.

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. முந்தியெல்லாம் பிள்ளை சிணுங்குனா படுத்தவாக்குல மாரோட அணைச்சு, பாதித் தூக்கத்துலயே பால் குடுத்துருவா. இப்ப எந்திரிச்சு வெந்நி வைக்கணும், ஆத்தணும், கரைக்கணும். பிள்ளை குடிச்சு முடிச்சதும் புட்டியைக் கழுவிக் கொதிக்க வைக்கணும். தலையைச் சாய்க்கையில அடுத்த அழுகை வந்துரும். மாத்தி மாத்திப் பாக்கேன்னவன் குறட்டை மட்டும் நிக்கலை. பகலுக்கும் அவளே கரைச்சுப் பிளாஸ்க்குல ஊத்தி வச்சுட்டுத்தான் வேன் ஏறணும். அய்யம்மாள் அதைப் புட்டியில ஊத்திக் குடுக்கிறதோட சரி.

அய்யம்மாளுக்கும் கைவேலை உண்டு. வீட்டுல உக்காந்து பட்டாசுக் குழாய்க்குக் காகிதம் ஒட்டுவா. பசை காய்ச்சுற மைதாவைப் பூச்சி அரிக்கக் கூடாதுன்னு மயில்துத்தத்தைப் பொடிச்சுக் கலந்து வைப்பா. நீல விசம் அது. அதை எதுல வச்சிருந்தா தெரியுமா? காலியான பால்மாவு டப்பாவுல. நல்ல மூடி போட்ட டப்பா, தூரப் போட மனசு வரலை. அடுப்படியில ரெண்டு டப்பாவும் ஒண்ணுபோல இருந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். பிள்ளை அலறுது. பொன்மணி சொக்குன கண்ணோட போய்க் கரைச்சுக் கொண்டாந்து வாயில வச்சா. பிள்ளை உறிஞ்சுது, விட்டுட்டு அழுதுச்சு, திரும்ப உறிஞ்சுது. பால் வரலை. வெந்நி பட்ட மைதா கட்டியாகிக் காம்பை அடைச்சிருந்துச்சு. என்ன எழவோன்னு புட்டியைத் தூக்கிக் குலுக்குனா. சன்னல் வெளிச்சத்துல பால் நீலமா இருந்துச்சு.

கரைச்சது பசைமாவு டப்பாவுல இருந்து. பொன்மணி பிள்ளை வாய்க்குள்ள விரலை விட்டு வழிச்சு, அப்படியே தூக்கிக்கிட்டு ஓடுனா. காளீஸ்வரன் பைக்கை எடுத்தான். பின்னாடியே ஆட்டோவுல வந்து சேந்த அய்யம்மாள், ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு, "கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? பெத்தவதானா நீ?"ன்னு கேட்டா.

உள்ளயிருந்து நர்ஸ் வந்து, "நல்லவேளை, ஒண்ணும் உள்ள போகலை"ன்னு சொன்னா. அதைக் கேட்டதுதான் தாமசம், பொன்மணி சுவத்தோரமாச் சரிஞ்சு உக்காந்தா. உக்காந்தவாக்குலயே தூங்கிட்டா. அய்யம்மாள் திகைச்சுப்போனா. இந்த நேரத்துல ஒருத்திக்குத் தூக்கம் வருமா?

"பிள்ளைக்குப் பசி. ஒரு புட்டிக்கு எத்தனை கரண்டி போடுவீக?"ன்னு நர்ஸ் கேட்டா.

காளீஸ்வரன் ஆத்தா முகத்தைப் பாத்தான். ஆத்தா அவன் முகத்தைப் பாத்தா.

"அப்பனும் அப்பத்தாளும் நிக்கீக, ஒருத்தருக்குமா தெரியாது?"

காளீஸ்வரன் குனிஞ்சு பொண்டாட்டி தோளைத் தொட்டான். அவ கண்ணைத் திறக்கலை; தூக்கத்துலயே, "இந்தா, வெந்நி வைக்கேன்"னு எந்திரிச்சு, ஆஸ்பத்திரிச் சுவத்தைத் தடவிக்கிட்டே நடக்க ஆரம்பிச்சா.