பந்தியில் பதினோரு நொடி

போன வருடம் ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுப் பரணில், பழைய மிக்ஸிப் பெட்டிக்குள் மூன்று வீடியோ கேசட்டுகள் கிடந்தன. ஒன்றில் அப்பா, அம்மா கல்யாணம். ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. இன்னும் இரண்டு மழைக்காலம் போனால் எதுவும் மிஞ்சாது என்று தோன்றியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். கை சும்மா இருக்குமா? அன்றைக்கே இறங்கிவிட்டேன்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு உறவினரிடம் ஓடுகிற நிலையில் ஒரு வி.சி.ஆர். இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பூஞ்சையைத் துடைத்து, லேப்டாப்போடு இணைத்து ஓடவிட்டேன். மூன்று மணி நேர கேசட் என்றால் மூன்று மணி நேரமும் ஓடித்தான் பதிவாகும். அது ஓடியபோது பாதி நேரம் நான் போனில் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அதை வெட்டிப் பதினெட்டு நிமிடமாக்கினேன். மாலை, தாலி, அம்மாவின் வெட்கச் சிரிப்பு, அவ்வளவுதான். அம்மா பார்த்துவிட்டு, "பந்தியெல்லாம் எங்கடி?" என்று கேட்டாள். சாப்பிடுகிறவர்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று முழுப் பதிவையும் அழித்தேன். தீபாவளி கழிந்ததும், கேசட்டுகளை முதலிலிருந்து ஓடுகிற மாதிரி ஒழுங்காகத் திருப்பிச் சுற்றி, பழைய பேப்பர்காரரிடம் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு அக்கா வீட்டுக்கு வந்தார். முழங்கை வரை வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. செராமிக் கம்பெனியில் வேலை முடித்து நேரே வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு அம்மாவும் அங்கேதான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். இந்த அக்காவின் அம்மா அப்போது அவளுக்குப் பக்கத்து இருக்கை. அக்காவுக்கு இரண்டு வயதாகும்போது அவர் இறந்துபோனார். நான் வெட்டிய வீடியோ பழைய தோழிகளின் போன்களில் சுற்றி, "உங்கம்மாகூட அந்தப் பந்தியில வந்திருப்பாளே" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரே ஒரு போட்டோதான் இருக்குது பாப்பா. எங்கம்மா சிரிச்சி நான் பாத்ததில்ல. அந்தப் பந்தி மட்டும் கொஞ்சம் காட்டுறியா?"

உண்மையைச் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி வுடு, உனுக்கு எப்புடித் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

மறுநாள் காலையில் பேப்பர்காரரைப் பிடித்தேன். வேப்பூர் பக்கம் ஒரு விவசாயி, மக்காச்சோளக் கொல்லையில் மயில் விரட்டக் கேசட் நாடா வேண்டுமென்று கேட்டு வாங்கிப்போனாராம். அடையாளம் கேட்டுக்கொண்டு, அந்த அக்காவையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ரோட்டிலிருந்தே தெரிந்தது. குச்சிக்குக் குச்சி கறுப்பு நாடா வெயிலில் மின்னிக்கொண்டு, காற்றில் விர்ரென்று பாடியது. அதில் இருப்பது எங்கள் அம்மா கல்யாணம் என்று கொல்லையில் நின்ற விவசாயி அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப நாலு நாளா மயிலுங்க உங்கம்மா கல்யாணத்ததான் பாத்துக்கினு இருக்குதா? அதான் கதிர்ல வாய வைக்க மாட்டங்குது" என்று சிரித்தார்.

"புள்ள கண்ணு கலங்கி நிக்குது, உனுக்குக் கேலி" என்று அவர் மனைவி அதட்டிவிட்டு, மோட்டார் கொட்டகையிலிருந்து மிச்சத்தை எடுத்துவந்தார். உடைக்காத இரண்டு கேசட்டும், முக்கால்வாசி நாடாவோடு ஒரு சக்கரமும். எனக்கு உயிர் வந்தது. நான் திருப்பிச் சுற்றி வைத்திருந்ததால், கொல்லைக்குப் போனது கல்யாணத்தின் தொடக்கம் மட்டும்தான். பந்தி பின்னால்தான் வரும், இந்தச் சக்கரமே போதும் என்றேன். அதற்குள் அக்கா தான் வந்த காரணத்தை அண்ணனின் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே நின்ற அந்த அண்ணன், கொல்லைக்குள் போய் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். வேண்டாம் அண்ணா, மயில் வந்துவிடும் என்றேன்.

"எந்தத் துண்டுல அவங்க இருக்காங்கன்னு உனுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்புறம் என்ன. மயிலு ரெண்டு நாளு தின்னுட்டுப் போவட்டும்."

நான்கு பேருமாக உச்சி வெயில் வரை அவிழ்த்து, ஒரு தண்ணீர் பாட்டிலில் சுற்றினோம்.

வீட்டில் மற்றொரு கேசட்டின் கூட்டைக் கழற்றி, அந்தச் சக்கரத்தை அதில் பொருத்தி ஓடவிட்டேன். முகூர்த்தப் பந்தி வந்தது. வரிசை வரிசையாக முகங்கள். அக்காவின் அம்மா இல்லை. முழுவதும் ஓடி முடிந்தது, இல்லவே இல்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. முகூர்த்தத்தன்று கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. தோழிகள் எல்லாரும் முதல் நாள் சாயங்காலமே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதாவது, கேசட்டின் தொடக்கம். நான் வேண்டாம் என்று சொன்ன அந்தக் கொல்லை நாடா.

அதை முழம் முழமாக மெல்லிய துணியால் துடைத்து, ஒரு கேசட் கூட்டுக்குள் சுற்றி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நாடா கொல்லையில் கிடந்த நாலு நாளும் மழை பெய்யாதது எங்கள் அதிர்ஷ்டம். ஓடவிட்டபோது படம் கோடுகோடாக ஆடியது, பாதி பச்சையாக இருந்தது. ஆனாலும் அந்த அம்மா வந்தார். கேமரா வெளிச்சம் பட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்தார். மடியில் ஒரு குழந்தை. குனிந்து அதன் காதருகே ஏதோ சொன்னார். பதினோரு நொடி.

"மடியில இருக்கறது நீதாண்டி" என்றாள் அம்மா, அக்காவிடம்.

அக்கா அழவில்லை. "இன்னொரு தரம் போடு" என்றார். எத்தனை தரம் போட்டேன் என்று எண்ணவில்லை. கடைசியில் கேட்டார், "என்னா சொல்றாங்க எனுக்கு?"

தெரியவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது வெட்டாத முழுப் பதிவு மூன்று இடத்தில் இருக்கிறது: எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், அக்கா வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், இணையத்தில். நாடாவும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஒருவருக்குத் தேவையில்லாத காட்சி எது என்று தீர்மானிக்கும் தைரியம் எனக்குப் போய்விட்டது. அந்தத் தைரியத்தைப் பிடுங்கிய அண்ணனுக்கு அன்றைக்கு எத்தனை கதிர் போனதோ, கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

பாட்டையும் பேச்சையும் தனித்தனியாகப் பிரிக்கும் மென்பொருட்கள் வந்திருக்கின்றன. இரண்டு முறை முயன்றேன். யாரோ சாம்பார் கேட்கிற சத்தம் மட்டும் தெளிவாக வந்தது. அடுத்த மாதம் வேறொன்றை முயலப்போகிறேன். அந்தக் குரல் கிடைத்துவிட்டால், நான் கேட்பதற்கு முன்பே அக்காவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட வேண்டும். அது அவருக்குச் சொன்னது.