பொட்டு வைத்த பம்பு

தொண்ணூற்றேழில் ஆயுத பூஜை அன்று மத்தியானம் என் பள்ளித் தோழி பவுன் கிளம்பிப் போனாள். மறுநாள் காலைக்குள், ரயிலேறிப் போக வேண்டிய மிரஜில் நர்ஸ் படிப்பில் சேர வேண்டும். அவளுடைய அப்பா, எங்கள் பேட்டையான விஷ்ராந்த்வாடியில் சைக்கிள் கடை வைத்திருந்த பரமசிவம், போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத முயன்றேன். வரவில்லை. பங்சர் ஒட்டியதும் விரலில் எச்சில் தொட்டு வால்வில் வைத்துக் கசிவு பார்ப்பார். அதே விரலால் எங்கள் கன்னத்தைக் கிள்ளுவார். வாடகை சைக்கிள் பையன்களுக்கு மட்டும்தான். நான் கேட்டால், "விழுந்து கால் ஒடிஞ்சா உன்னை எவன் கட்டுவான்?" என்பார். பவுன் அந்தக் கடையில் செயின் மாட்டலாம், பிரேக் இறுக்கலாம், ஏறி மிதிக்கக் கூடாது. அதை அவள் பள்ளி மைதானத்தில், பின்னால் எனக்கு வீட்டில் வாங்கித் தந்த சைக்கிளில் கற்றுக்கொண்டாள்.

அன்று சைக்கிள், ஸ்பேனர், பம்பு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. மறுநாள் வரை எதையும் தொடக் கூடாது. பரமசிவம் சுண்டலைத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டார். விழித்தபோது ஒரு சைக்கிளைக் காணோம். மற்ற டயர்கள் ஒன்றிலும் காற்று இல்லை.

எதிர் டீக்கடை முகமது ரஃபீக், ஆம்பூர்க்காரர், வந்து சொன்னார். "பொண்ணு ஸ்டேஷன் பக்கம் போச்சுண்ணே. மிரஜ் வண்டி சாயங்காலம்தான். காத்தடிச்சுக்கிட்டுப் போங்க."

"பம்புக்குப் பொட்டு வச்சாச்சு."

"நான் அடிச்சுத் தரேன். எனக்கென்ன பூஜை?"

"யாரும் தொடப்படாது."

"அப்ப ரிக்ஷா பிடிங்க."

"சைக்கிள் கடைக்காரன் ரிக்ஷாவுல போனா விஷ்ராந்த்வாடியே சிரிக்கும்யா."

ரஃபீக் கிளாஸ் கழுவப் போய்விட்டார். இதைப் பக்தி என்று நினைக்க வேண்டாம். மற்ற நாளெல்லாம் பரமசிவம் அந்தப் பம்பைக் காலால்தான் தள்ளுவார். வண்டி போகும் நேரம்வரை வாசலில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் காணாமல் போன சைக்கிளின் நிறத்தைச் சொன்னார். மகள் பெயரைச் சொல்லவில்லை. நான் பவுனுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதெல்லாம் இருந்தது.

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2006இல் திரும்பினேன். கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ். பரமசிவம் படுக்கையில் கிடந்தார்.

"அவ நம்பர் உன்கிட்ட இருக்காமே. வரச் சொல்லு. நர்ஸ்தானே, மருந்து மாத்திரை குடுக்கட்டும்."

ஒரு வார்த்தை மாற்றாமல் அனுப்பினேன். மழைக்காலம் முடிந்த பிறகுதான் பதில் வந்தது.

"என் வண்டிக்கும் பொட்டு வச்சாச்சு. ரிக்ஷாவுல வந்தா மிரஜே சிரிக்கும்னு சொல்லிடு."