பார்வையை மறைத்த வாழை

மசாபா மலையில் எங்கள் ஊருக்கு மேலே எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். அதற்கு அந்தப்பக்கம் அரசாங்கக் காடு. வெளியூர்க்காரர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கேதான் போவார்கள். எங்கள் மேட்டில் ஒரு வண்டியும் நின்றதில்லை. நின்று பார்க்க என்ன இருந்தது? வாழை, காப்பிச்செடி, புகை வருகிற கூரைகள், அவ்வளவுதான்.

இப்போது எல்லா வண்டியும் எங்கள் மேட்டில்தான் நிற்கிறது. சீட்டும் வேண்டாம், காவலும் இல்லை. விளிம்பில் நின்றால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். சாயங்கால வெயிலில் வெகுதூரத்து ஏரி தகடுபோல் மின்னும். வருகிறவர்கள் அங்கே நின்று படம் எடுப்பார்கள்.

அவர்கள் நிற்கிற இடத்துக்கு முன்னால், இப்போது காற்று மட்டும் இருக்கிற இடத்தில், கைன்சாவின் வீடு இருந்தது.

பெருமழை பெய்த வருடம் அது. கைன்சாவும் நானும் கோயில் பெருக்கப் போயிருந்தோம். அவள் மகள் முசூயா குழம்புக்கு நிலக்கடலை அரைத்துக்கொண்டிருந்தாள். அப்பன் இல்லாத பிள்ளை, ஒரே பிள்ளை. சத்தம் கேட்டு ஓடி வந்தோம். வீடும் தோப்பும் மண்ணோடு மண்ணாகக் கீழே இறங்கியிருந்தன. கோயிலுக்குப் போனதால் கைன்சா பிழைத்தாள் என்று உபதேசியார் ஜெபத்தில் சொன்னார். எல்லோரும் ஆமென் சொன்னோம். அவள் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்தில் செத்தவர்களையெல்லாம் தோண்டி எடுத்தோம். முசூயா மட்டும் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காமல் போனவரை எங்கள் ஆட்கள் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். அவர் வீட்டு வாழையில் ஒரு தண்டை வெட்டி, மரப்பட்டைத் துணியில் சுற்றி, பேர் சொல்லி அழுது புதைப்போம். அதற்குப் பிறகுதான் அந்தச் சாவு முடியும். பெரியவர்கள் வந்து கேட்டபோது கைன்சா சொன்னாள்: "எந்த வாழைய வெட்டுவீங்க? என் வாழையெல்லாம் அவகூடவே போயிடுச்சே." பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

என் கொல்லையில் கைன்சாவுக்கு ஒரு குச்சில் வீடு கட்டிக் கொடுத்தோம். விளிம்பில் பானை வைத்து வருகிறவர்களுக்குக் காப்பி விற்றாள். அவள் கொழுந்தன் வமிம்பி அங்கே உட்கார ஒரு பலகை போட்டு, வண்டிக்காரர்களுக்கு ஊரைக் காட்டினான். நல்ல மனுஷன், வாய்தான் நீளம்.

அடுத்த மழைக்கு, சரிந்த மண்ணின் ஓரத்தில், விளிம்புக்கு நடுவில், ஒரு வாழைக்குருத்து முளைத்தது. அவள் தோப்புக் கிழங்கில் ஏதோ ஒரு துண்டு தங்கியிருந்திருக்கிறது. புதைக்க அவள் வீட்டு வாழையே வந்துவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. கைன்சா சாம்பல் போட்டாள், தண்ணீர் ஊற்றினாள். அது ஆள் உயரம் தாண்டி வளர்ந்து, ஏரியை மறைத்து நின்றது.

கம்பாலாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் ஒருநாள் கேட்டாள்: "எவ்வளவு அழகான இடம்! நடுவுல இந்த வாழை எதுக்கு? வெட்டிட்டா படம் நல்லா விழுமே."

"நாளைக்கே வெட்டிரலாம்மா," என்றான் வமிம்பி.

"காப்பி ஆறிடும், குடிங்க," என்றாள் கைன்சா.

வண்டி போனதும் அவன் பிடித்துக்கொண்டான். "ஏன் மதினி, அதுக்கு ஒரு பாவாடை கட்டி விடலயா? தினம் அதோட பேசுறீங்களாமே."

"உன்னோட பேசுறதுக்கு அது தேவல. குறுக்க பேசாது."

அவன் சிரித்தான். பிறகு மண்ணைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான்: "படத்துக்காகச் சொல்லல மதினி. அந்தப் புள்ளைய எத்தனை நாள் வெளியிலயே நிக்க வைப்பீங்க?"

"குலை தள்ளட்டும்," என்றாள்.

குலையும் தள்ளியது. காய் முற்றியது, பழுத்தது, பறவை தின்றது. குலை போட்ட வாழை அதற்கப்புறம் நிற்காது என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். தண்டு ஒருபக்கம் சாய ஆரம்பித்தது. அவள் அதற்கு முட்டுக்கொடுத்தாள். கர்த்தாவே, இவளுக்கு ஒரு வழி காட்டும் என்று நான் ஜெபித்தேன். வேறென்ன எனக்குத் தெரியும்?

ஒருநாள் பள்ளிக்கூடப் பேருந்து வந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு இறங்கினார்கள். முசூயா வயதில் ஒரு பெண், கையில் காப்பியோடு கேட்டாள்: "இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"ஆதியிலேர்ந்தே இப்படித்தான் பாப்பா. கடவுள் படைச்சது," என்றான் வமிம்பி. எல்லோரிடமும் அதைத்தான் சொல்வான்.

"இல்ல," என்றாள் கைன்சா. "என் அடுப்படி இருந்துச்சு. என் மக நிலக்கடலை அரைச்சிட்டிருந்தா. மலை இறங்கிடுச்சு. செத்துப்போயிட்டா."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை. அந்தப் பெண் கோப்பையைப் பலகையில் வைத்தாள். பிறகு ஏரியைப் பார்க்காமலே போய்ப் பேருந்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கைன்சா பானையைக் கவிழ்த்துவிட்டு வமிம்பியிடம் கை நீட்டினாள். "அரிவாளைக் கொடு."

"நான் வெட்டறேன் மதினி."

"நீ பெத்தியா?"

அவளே வெட்டினாள். வாழைத்தண்டுதானே, ஒரு வெட்டு போதும். அவள் மெதுவாக, பல வெட்டு வெட்டினாள். மரப்பட்டைத் துணியில் சுற்றும்போது தலைப்பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டாள். உபதேசியார் முசூயாவின் பேரைச் சொன்னார். எல்லோரையும்விடச் சத்தமாக அழுதது வமிம்பிதான். விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, மிச்சமிருந்த அவள் மண்ணில் புதைத்தோம். அன்று ஏரி நன்றாகத் தெரிந்தது. அதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

வெட்டிய வாழை அடியில் திரும்பவும் கன்று விடுகிறது. ஒவ்வொரு மழைக்கும் கைன்சா போய் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிடுவாள். "ஒண்ணாவது இருக்கட்டுமேடி," என்று கேட்டுப் பார்த்தேன்.

"புதைச்சாச்சு அக்கா. இனிமே கூப்பிடக்கூடாது."

தோண்டிய கன்றுகளை வீசவும் அவளுக்கு மனசு வரவில்லை, ஊருக்குக் கொடுத்துவிடுகிறாள். என் முற்றத்தில் ஒன்று நன்றாக வந்திருக்கிறது. சாயங்காலம் ஜெபத்துக்கு வருவாள். அந்த வாழைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.