இரண்டு சிவப்புப் புள்ளிகள்

என் அண்ணி மார்கரெட்டுக்கு மார்பில் புற்றுநோய் என்று செங்கல்பட்டு டாக்டர் சொன்ன அன்று, அவள் வீட்டுக்குப் போய் சாம்பாருக்குப் பருப்பு வேக வைத்தாள். என் அண்ணன் தேவசகாயம் போனில் என்னிடம் அழுதுகொண்டிருந்தான். பின்னால் குக்கர் விசில் கேட்டது. "அண்ணி இன்னா பண்றா?" என்று கேட்டேன். "சமைக்கிறாம்மா" என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாக அழுதான்.

மறுநாளே கோவளத்திலிருந்து கிளம்பி, சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணி, "வா ஜாய்ஸு, சாப்ட்டியா?" என்றாள். கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்று பஸ்ஸிலேயே தயாராகி வந்தவள் நான். எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்த நோயைப் பற்றிப் பேசுவதுபோல, "லெப்ட் சைடு. முழுசா எடுக்கணுமாம். அடுத்த வியாழக்கிழமை" என்றாள்.

மார்கரெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் வேலையைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் போகிறாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இடம் அவளுடையது, புதிதாகச் சேர்ந்த பெண்கள்கூட அதில் உட்கார மாட்டார்கள். கார் கதவுக்கு வைக்கும் கறுப்பு ரப்பர் பட்டைகளில் கீறலோ குமிழியோ இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கோளாறு இருந்தால், பட்டையின் உள்பக்கம் சிவப்புப் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். ஆனால் ஒரு புள்ளியோடு பட்டையைத் தூக்கி எறிந்துவிட மாட்டார்கள். அடுத்த அறையில் இன்னொருத்தி அதைப் பார்ப்பாள். முதல் ஆள் வைத்த புள்ளி அவள் கண்ணில் படாதபடி மூடித்தான் அனுப்புவார்கள். அவளும் தன் பங்குக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டால் பட்டை சிவப்புப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து நேராகத் துண்டு போடுகிற மெஷினுக்கு.

இந்தக் கதையை அண்ணி எங்களுக்குச் சொல்லாத பண்டிகை கிடையாது. கிறிஸ்துமஸ் கேக் எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட, "நல்லா கீது. ஆனா இன்னொருத்தர கேளு. நான் சொன்னத சொல்லாம கேளு" என்பாள். நாங்கள் அவளைக் கிண்டல் செய்து ஓய்ந்துவிட்டோம்.

அண்ணனுக்கு இன்னொரு டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த டாக்டர், இது புற்றுநோயே இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவன் வேண்டுதல். அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஸ்டாண்டில் யாரோ, கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று சொல்லியிருக்கிறார். தன் வண்டியில் பிரேக் தேய்ந்துபோனதே தெரியாத மனுஷன், இதை மட்டும் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அண்ணன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான்.

நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் ஒரு அக்காவுக்கு இதே ஆபரேஷன் செய்த லேடி டாக்டர், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் திங்கட்கிழமைகளில் வருகிறார். அவரிடம் போகலாம் என்றேன். அண்ணி மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அந்த ரிப்போர்ட்ட காட்டக்கூடாது. அவங்க தானா பாத்து சொல்லட்டும்."

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். எனக்கும் அது புத்திசாலித்தனமாகவே தோன்றியது. முதல் டாக்டர் எழுதியதைப் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்வதற்கு இன்னொரு டாக்டர் எதற்கு? அண்ணனின் ஆட்டோவிலேயே மூன்று பேரும் கிளம்பினோம். ரிப்போர்ட்டும் படங்களும் இருந்த பையை டிரைவர் சீட்டுக்கு அடியில் ஸ்டெப்னியோடு சேர்த்துச் செருகினான்.

டாக்டருக்கு நடு வயது. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். "சும்மா ஒரு கட்டி கீது மேடம், எதுக்கும் காட்டிடலாம்னு வந்தோம்" என்று அண்ணன் ஆரம்பித்தான். டாக்டர் அண்ணியைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். மெதுவாகத் தொட்டுப் பார்த்தவரின் விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கே தோல் நீலம் பாரித்திருந்தது.

"இங்க யாரு ஊசி போட்டு டெஸ்டுக்குச் சதை எடுத்தாங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். திரைக்கு வெளியிலிருந்து அண்ணன் குரல் வந்தது: "கொசு கடிச்சிருக்கும் மேடம்."

வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். டாக்டர் சிரிக்கவில்லை. அண்ணியின் முகத்தையே பார்த்தார். அண்ணி, பாடம் ஒப்பிப்பதுபோல, தன் கம்பெனி வழக்கத்தைச் சொன்னாள். முதல் ஆள் சொன்னது இரண்டாவது ஆளுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் கண் அதன் பின்னாலேயே போய்விடும் என்றாள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்க கம்பெனிக்கு அது சரி. ரப்பருக்கு வலிக்காது, எத்தனை தடவை வேணா பாக்கலாம். இங்க நான் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னா மறுபடியும் உங்களத்தான் குத்தணும். ரிசல்ட் வர நாளாகும். வியாதி அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது. அவங்க எடுத்ததக் குடுத்தீங்கன்னா, அதுல தப்பு இருக்கான்னு தேடிப் பார்ப்பேன். தப்பு இருந்தா தைரியமா சொல்வேன். அதுக்குத்தானே வந்திருக்கீங்க?"

"வேணாம் மேடம்," என்றான் அண்ணன் வெளியிலிருந்து. "நீங்களே புதுசா பாருங்க. நாளானா ஆவட்டும்." பாவம், அவனுக்கு வேண்டியது அந்தக் கூடுதல் நாட்கள்தான். அந்த நாட்களில் அவன் மனைவிக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருக்கலாம்.

அண்ணி ஜாக்கெட் கொக்கியைப் போட்டுக்கொண்டே, "ஜாய்ஸு, சீட்டுக்கு அடியில கீது. எடுத்துனு வா" என்றாள்.

டாக்டர் அவசரப்படாமல் படித்தார். படங்களை வெளிச்சத்தில் வைத்து, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மறுபடி முதல் படத்துக்கே போனார். அண்ணன் உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஒரே கட்டியா இருந்தா அத மட்டும் எடுத்துட்டு மார்பக் காப்பாத்தலாம்னு சொல்லியிருப்பேன். இதுல தள்ளித் தள்ளி ரெண்டு இடத்துல இருக்கு. நானா இருந்தாலும் முழுசாத்தான் எடுப்பேன். அந்த டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்கார். வியாழக்கிழமையத் தள்ளிப் போடாதீங்க. சரியான நேரத்துலதான் வந்திருக்கீங்க."

"சரிங்க மேடம், தாங்ஸ்" என்றாள் அண்ணி. கடையில் சில்லறை வாங்கிக்கொண்டவள்போல எழுந்து வெளியே நடந்தாள்.

திரும்பும் வழியில், கடற்கரைச் சாலையை விட்டுத் திருக்கழுக்குன்றம் ரோட்டில் திரும்புவதற்கு முன்னால், அண்ணன் டீ வாங்க நிறுத்தினான். கடல் வெயிலில் கிடந்தது. அண்ணி அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

"ரெண்டாவது புள்ளியும் வச்சிட்டாங்க ஜாய்ஸு" என்றாள்.

எனக்குப் புரிய சற்று நேரம் ஆனது. இத்தனை நாளும் இவள் பருப்பு வேக வைத்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தானா?

"நீ இன்னா ரப்பரா?" என்று கத்திவிட்டேன். "ரெண்டு பேரு சொன்னா தூக்கிப் போட்டுடுவாங்களா? யாரு போடுவாங்க, எங்க அண்ணனா? அவன் மூஞ்சிய பாத்தியா நீ?"

"உங்கண்ணன் நல்லவருதான்" என்றாள். "ஆனா நாளைக்கு கண்ணாடியில நானே என்ன பாத்தா எனக்கே எப்டி இருக்கும், சொல்லு." அழுகை இல்லை, குரலில் ஏற்ற இறக்கம்கூட இல்லை. அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தான். முழுவதும் குடித்தாள். சர்க்கரை போடச் சொல்ல மறந்திருக்கிறான் என்று என் டீயைக் குடித்தபோதுதான் தெரிந்தது. அவள் அதைச் சொல்லவேயில்லை.

வியாழக்கிழமை காலை, ஆபரேஷனுக்கு அழைத்துப்போவதற்கு முன், செங்கல்பட்டு டாக்டர் வார்டுக்கு வந்தார். எந்தப் பக்கம் என்று தோலில் குறித்துவைப்பது வழக்கமாம். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்ததும் அண்ணி கண்களை இறுக மூடிக்கொண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி, எனக்கு வலித்தது. பேனா அவள் தோலில் ஓடுவது கேட்டது.

"ஜாய்ஸு. இன்னா கலரு?"

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் குனிந்து பார்த்தேன்.

"ஊதா, அண்ணி."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நீயே பாரு."

அவள் கண்ணைத் திறந்தாள். தலையைக் குனிந்து, தன் மார்பின் மேலிருந்த அந்த ஊதா அம்புக்குறியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "எங்க கம்பெனில ஊதா கெடையாதுங்க" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்படியாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

என் மணிக்கட்டிலிருந்த பிடி தளர்ந்தது. அவள் உதடு கோணியது, தோள் குலுங்கியது. அந்தச் சேதி வந்த நாளிலிருந்து முதல்முறையாக மார்கரெட் வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, "வெளிய நிக்கிறாரா? கூப்புடு அவர" என்றாள். நான் அண்ணனைக் கூப்பிட ஓடினேன்.