பூதங்களுக்குப் பல் கட்டியவர்

அவருக்குப் பல்செட் செய்கிற வேலை. பல் மருத்துவமனையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, ஜன்னலோரம் மேஜை, மேஜை நிறைய யார் யாருடைய ஈறுகளோ, மாவு அச்சில், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஓர் எண். பதினெட்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து மெழுகில் பல் வரிசை அடுக்குகிறார். யார் சிரித்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். கல்யாண போட்டோவில் மனைவியின் கோரைப்பல் கொஞ்சம் தூக்கல் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லி, மூன்று நாள் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையை, விசில் ஊதாமலே இந்தக் கோடிக்கு வரவழைக்கிற குரல்.

வேலை நேரம் போக அவருக்கு ஒரே பைத்தியம்தான். கல்லூரி நாளில் பிடித்துக்கொண்ட ஒரு துப்பாக்கி விளையாட்டு. அதில் ஆடுகிறவரின் முகமே தெரியாது. திரையின் அடியில் துப்பாக்கியும் கையும் மட்டும் தெரியும். நிலவறை நிலவறையாகப் போய் எதிரே வரும் பூதங்களைச் சுட வேண்டும். அவ்வளவுதான் கதை. செய்த கம்பெனியே அதை மறந்துவிட்டது; ரசிகர்கள் விடுவதாக இல்லை. உள்ளே புகுந்து ஆளுக்கொரு மாற்றம் செய்து இணையத்தில் போடுகிறார்கள். அதற்கு மாட் என்று பெயர். சிலர் புதுப்புது நிலவறை கட்டுவார்கள். சிலருக்குத் துப்பாக்கி மேல் மட்டும்தான் கண். சிலர் அடியோடு பிரித்துப்போட்டு, பூதம் இருந்த இடத்தில் தோட்டமும் கோழியும் வைத்து, பழைய விளையாட்டின் சுவடே இல்லாமல் ஆக்கிவிடுவார்கள். வெறும் கிண்டலுக்கென்றே செய்கிற கோஷ்டியும் உண்டு. அவர்கள் கைபட்டால் துப்பாக்கியிலிருந்து வாழைப்பழம் பறக்கும்.

"நான் ஒரு மாட் செய்யப்போறேன்" என்று அவர் முதன்முதலில் சொன்னபோது மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "மாடா? மூணாவது மாடியிலயா?"

அவரை உள்ளே இழுத்தது பல்தான். பூதங்களின் வாயை அவரால் சகிக்க முடியவில்லை. "மேல பதினோரு பல்லு, கீழ நாலு. இவன் எதைக் கடிச்சு எப்படி மெல்லுவான்?" என்று புலம்பிக்கொண்டே, ஆறு மாதம், ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகத் திருத்தி, அத்தனை பூதங்களுக்கும் முறையான பல் கட்டினார். இணையத்தில் போட்டார். ஏழு பேர் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஆந்தை என்று பெயர் வைத்துக்கொண்ட ஏதோ ஒரு தேசத்து ரசிகர், பூதம் வாயைத் திறந்தால் பற்பசை விளம்பரம் போல இருக்கிறது, பயமே வரவில்லை என்று எழுதிவிட்டார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு.

பல் சரி, குரல்தான் ஒட்டவில்லை என்று முடிவுக்கு வந்தார். வேலை செய்கிற அறையில் செயற்கைப் பல்லைத் தேய்த்துச் சீராக்கும் மெஷினின் சத்தத்தைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தார். பூதத்துக்குப் பல்வலி வந்த மாதிரி இருந்தது. ஒரு நாள் காலை போனில் பதிவை ஓடவிட்டு, குளியலறைக் குழாயின் கொரகொரப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். படுக்கையறையிலிருந்து வந்தது:

"எத்தனை தடவை சொல்றது, ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு!"

போன் திரையில் ஒலிக்கோடு உச்சியைத் தொட்டுவிட்டு வந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. துண்டை எடுத்துக் கொடியில் போடக்கூடத் தோன்றாமல் நேரே கணினிக்கு ஓடினார்.

அந்தக் குரலோடு வெளியான மாட்டை ஒரே வாரத்தில் இரண்டாயிரம் பேர் எடுத்தார்கள். ஆந்தையே இறங்கி வந்தார். பூதம் என்ன சொல்கிறதென்று புரியவில்லை, ஆனால் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன் என்று எழுதியிருந்தார். குரல் யாருடையது என்று பலர் கேட்டார்கள். அவர் மூச்சுவிடவில்லை.

விஷயம் மைதானத்தில் உடைந்தது. ஒன்பதாம் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. "எத்தனை தடவை சொல்றது, கோட்டைத் தாண்டாதீங்கன்னு!" என்று ஆசிரியை ஒரு குரல் கொடுத்தாள். வரிசையில் ஒரு பெண் இரண்டு விரலைத் துப்பாக்கியாக நீட்டி, "மேடம், துண்டு!" என்றாள். மொத்த வகுப்பும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தது. இரண்டே நிமிஷத்தில் ஆசிரியை அவளிடமிருந்து முழுக் கதையையும் கறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னைப் பூதமாக்கிட்டீங்களா?"

"பூதம்னா... அதுல அதுதான் முக்கியமான ஆளு" என்றார்.

"போட்டுக் காட்டுங்க."

அவளே உட்கார்ந்து ஆடினாள். ஆடத் தெரியவில்லை, பாதி நேரம் கூரையைப் பார்த்துச் சுட்டாள். கதவு திறந்தது, பூதம் வந்தது, அழகான பல்வரிசை காட்டி அவள் குரலிலேயே கத்தியது. மறுபடி போடச் சொன்னாள். ஐந்தாறு தடவை கேட்ட பிறகு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் இப்படியா கத்துறேன்?"

அவர் பொய் சொல்ல நினைத்தார், வரவில்லை. "இல்ல... கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

அவள் அவரைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாளோ என்று அவர் பாதி எழுந்துவிட்டார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள், அந்தக் கோரைப்பல் தெரிய. சிரித்து ஓய்ந்ததும் ஆசிரியையாகிவிட்டாள். "பின்னாடி குழாய் சத்தம் கேக்குது. இதையா உலகத்துக்கே போட்டுக் காட்டினீங்க? திரும்ப எடுக்கலாம்."

சனிக்கிழமை பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறையில், சுவரெங்கும் பாய்களைச் சாய்த்து எதிரொலி அடக்கி, நாற்பது வசனம் பேசினாள். ஒவ்வொரு பூதத்துக்கும் தனித்தனி அதட்டல். அவர் போனைப் பிடித்துக்கொண்டு, தலையசைக்கக்கூடப் பயந்து நின்றார். கடைசியில் ஒன்று பாக்கி இருந்தது.

"இப்ப குண்டு பட்டுச் சாகற சத்தம்."

"அதெல்லாம் முடியாது. கத்தறேன், சாக மாட்டேன். வேணும்னா நீங்க சாகுங்க."

அவர் பாயில் மல்லாந்து ஈனஸ்வரத்தில் பன்னிரண்டு முறை செத்தார். அவள் மூன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

புது மாட் வந்த அன்றே ஆந்தை கேட்டிருந்தார்: பூதம் பெண் குரலில் அதட்டுகிறது, ஆண் குரலில் சாகிறதே, இது பிழையா? அவர் தட்டச்சு செய்யக் கை வைப்பதற்குள் மனைவி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பிழை இல்ல, அப்படித்தான்னு எழுதுங்க."

அப்படியே எழுதினார்.